அலமாரியின் எந்தத் தட்டில் எதை வைப்பது

பழைய வீட்டுப் பொருள்களைச் சேர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பழைய பொருளைப் பழைய மரச்சாமானுக்குள் வைத்துவிட்டால் போதும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும் என்பார்கள். எனாமல் குவளைகளெல்லாம் ஒரு தட்டில், நீலக் கண்ணாடிச் சீசாக்கள் அதற்கடுத்த தட்டில், பித்தளை அனைத்தும் கீழே என்று நிறவாரியாகவும் உலோகவாரியாகவும் பிரித்து அடுக்கி, கண்ணாடிக் கதவைச் சாத்தி, உள்ளே ஒரு சிறு விளக்கையும் பொருத்திவிட்டால், வருபவர் எவரும் சற்று நின்று பார்க்காமல் போகமாட்டார்கள். என் வீட்டுக் கூடத்திலும் அப்படியோர் உயரமான அலமாரி இருக்கிறது. மேலே கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு, நடுவில் மூன்று இழுப்பறைகள், கீழே கனத்த மரக்கதவுகள் என்று மூன்று பகுதிகளாக அமைந்தது அது. நெடுங்காலம் அதில் பொருள்கள் நிறவாரியாகத்தான் இருந்தன. பார்த்தவர்களும் பாராட்டினார்கள்.

பாராட்டாமல் ஒன்று சொன்னவர் என் பெரியம்மா. அந்த அலமாரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அவர் தம் கையால் புழங்கிப் பழகிய வகைப் பொருள்கள். கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்று, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை பார்த்துவிட்டு, “எல்லாம் அழகாத்தாம்மா இருக்கு. ஆனா ஒண்ணையும் எடுக்கக் கை வரல” என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. தமக்குத் தோன்றியதைச் சொன்னார், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வாக்கியம் எனக்குள் அடங்கவில்லை. அறிமுகமான பொருளைப் பார்த்தால் கை தானாக நீளும், ஒரு காப்பி அரைவையைக் கண்டால் அதன் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். அதையே தினமும் சுற்றியவருக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

முதலில் எளிய காரணங்களைத்தான் நினைத்துப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது, பொருள்கள் நெருக்கியடித்து நின்றன, முன்வரிசையில் உள்ளதை நகர்த்தாமல் பின்வரிசையைத் தொட முடியாது. இவையெல்லாம் உண்மையே. ஆனாலும் அவை மனநிறைவான விடையாகத் தோன்றவில்லை. கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை மாட்டிய அருங்காட்சியகத்திலும்கூடச் சில சமையலறைப் பொருள்கள் கையை இழுக்கின்றன. என் அலமாரியில் தடையாக இருந்தது பூட்டைவிட ஆழமான வேறொன்று. பெரியம்மாவுக்கு அந்தப் பொருள்கள் வேலைகளாகத் தெரியும். நானோ அவற்றை நிறங்களாக அடுக்கியிருந்தேன்.

பார்ப்பதற்கென்றே பிறந்தவை

நிறத்தாலும் சமச்சீராலும் அடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது வீட்டுப் புழக்கப் பொருள்களுக்காகப் பிறந்ததே இல்லை என்பது தெரிகிறது. பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தின் செல்வர் வீடுகளில் பெரிய மர அலமாரியின் உச்சியில் வைப்பதற்கென்றே பீங்கான் சாடிகள் தொகுதியாகச் செய்யப்பட்டன. பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஐந்து. மூடியுள்ள சாடிகள் மூன்று, வாய் விரிந்த குவளை வடிவங்கள் இரண்டு. அவற்றில் எதையும் ஊற்றி வைக்கவேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை, இடமும் வலமும் ஒத்து நிற்பதே அவற்றின் பணி. அந்த நாட்டில் வாழ்ந்துவிட்டு 1689-இல் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்த இரண்டாம் மேரி, அலமாரி உச்சிகளிலும் சுவர் விளிம்புகளிலும் பீங்கானைக் குவித்து வைக்கும் மோகத்தை அங்கே பரப்பியவராக நினைக்கப்படுகிறார். பெர்லினில் சார்லொட்டன்பர்க் அரண்மனையில் 1706-இல் அமைந்த பீங்கான் அறையில் சுவரே தெரியாத அளவுக்குத் தட்டுகளும் சாடிகளும் ஏறி நிற்கின்றன. இவையெல்லாம் கண்ணுக்காகச் செய்யப்பட்ட பொருள்கள். அவற்றைக் கண்ணுக்கேற்ற ஒழுங்கில் நிறுத்துவது முற்றிலும் பொருத்தமே. ஆனால் அதே ஒழுங்கை ஓர் இஸ்திரிப் பெட்டிக்கும் மாவு சலிக்கும் சல்லடைக்கும் கடன் வாங்கும்போது, அவற்றிடமிருந்து ஏதோ ஒன்று உருவப்பட்டுவிடுகிறது.

இன்னொரு மரபும் அதே காலத்தில் அதே நெதர்லாந்தில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரொனெல்லா ஓர்ட்மன் என்ற செல்வப் பெண்மணி, ஏறத்தாழ 1686-க்கும் 1710-க்கும் இடையே, ஆமை ஓடு பதித்த பெரிய அலமாரி ஒன்றுக்குள் ஒரு முழு வீட்டையே சிறு அளவில் உருவாக்கினார். இன்று அது அந்நகரின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தால் சமையலறையில் சமையலறைப் பாத்திரங்கள், மேல்மாடியில் துணி உலர்த்தும் சட்டங்கள், பீங்கான் வைக்க உள்ளேயே ஒரு குட்டி அலமாரி. உண்மையான உலோகத்தாலும் பீங்கானாலும் துணியாலும் செய்யப்பட்ட விலையுயர்ந்த சேகரிப்பு அது. விளையாட்டுச் சாமானாக எவரும் அதைக் கருதியதில்லை. எனக்கு அதில் பிடித்திருப்பது, ஒவ்வொரு பொருளும் தன் வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது என்பது. சேகரித்துக் காட்டவும் வேண்டும், பொருள் வேலையிலிருந்து கழன்றுவிடவும் கூடாது என்ற இரண்டையும் ஓர் அலமாரிக்குள் நிறைவேற்ற முடியும் என்பதற்கு முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சான்று அது.

காலியான அலமாரி

சுவருக்கு வண்ணம் அடிக்கவேண்டி வந்தபோது அலமாரியை முழுவதுமாகக் காலி செய்தேன். எல்லாப் பொருளும் தரையில் விரித்த துணிமேல் போய்ச் சேர்ந்த பிறகு, தூசி துடைப்பதற்காக டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். நேரே விழும் வெளிச்சத்தில் மரம் வெறும் பழுப்பாகத்தான் தெரியும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். நடுத்தட்டின் முன்விளிம்பு இரண்டு இடங்களில் மட்டும் மழுங்கி, உருண்டு, மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தது. இரண்டாம் தட்டின் பின்பக்கம், சுவர்ப்பலகைக்கு மூன்று விரல் முன்னால், ஆழமற்ற ஒரு நீளமான பள்ளம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. அதற்கு மேலுள்ள தட்டின் அடிப்பக்கத்தில் சம இடைவெளியில் சிறு துளைகள் வரிசையாக இருந்தன. ஒரு துளையில் உடைந்த திருகாணியின் துண்டு துருப்பிடித்து நின்றது. கீழ்க்கதவுக்குள் அடிப்பலகையில் வட்ட வட்டமாக அழுந்திய தடங்கள் தெரிந்தன. மூன்று இழுப்பறைகளில் இடதுபுறத்தது மட்டும் தன் ஓடுசட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சற்றே கீழிறங்கியிருந்தது. அதன் சாவித்துளையைச் சுற்றி, கொத்தாகத் தொங்கும் சாவிகள் ஆடி ஆடி உரசிய வட்டமான கீறல்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்த அலமாரியை நான் இதுவரை ஒரு சட்டமாக, படத்துக்குப் போடும் சட்டத்தைப் போல நினைத்திருந்தேன். ஆனால் என் சேகரிப்பிலேயே மிகப் பெரிய புழக்கப் பொருள் அதுதான். எது எங்கே இருக்கவேண்டும் என்பதை யாரோ பல்லாண்டுகள் நாள்தோறும் புழங்கி அதன்மேல் பதித்திருக்கிறார்கள். மழுங்கிய விளிம்பு, அடிக்கடி எடுக்கும் பொருள்களின் இடம். இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள உயரம் அது. பின்பக்கப் பள்ளம், பீங்கான் தட்டங்கள் வழுக்காமல் நிமிர்ந்து நிற்பதற்கு. துளைகள், கோப்பைகள் தொங்கிய கொக்கிகளுக்கு. அடிப்பலகையின் வட்டங்கள், தரையோடு தரையாக வைக்கவேண்டிய கனத்த பாத்திரங்களுடையவை. தேய்ந்த இழுப்பறை, கரண்டிகளும் கத்திகளும் இருந்ததாக இருக்கவேண்டும். இவ்வளவும் மரத்திலேயே எழுதியிருக்க, அதற்குமேல் என் நிறவரிசையைத் திணித்திருந்தால் பெரியம்மாவின் கை எப்படி முன்வரும்?

பள்ளம் இருந்த தட்டில் பீங்கான் தட்டங்களை நிறுத்தினேன். அவை அசையாமல் நின்றன. பழைய கொக்கித் துளைகளில் புதிய ஆணி எதையும் அறையாமல், இருந்த துளைக்கே பொருந்தும் பித்தளைக் கொக்கிகளைக் கையால் திருகி, அவற்றில் லேசான எனாமல் குவளைகளை மட்டும் மாட்டினேன். பிறகு மீதிப் பொருள்களை வேலைவாரியாகப் பிரிக்கத் தொடங்கியபோது, சேகரிப்பில் எங்கெங்கே இடைவெளி என்பது முதல்முறையாகத் தெரிந்தது. நிறவாரியாக இருந்தவரை அந்த இடைவெளிகள் கண்ணில் பட வழியே இல்லை.

ஓர் இஸ்திரிப் பெட்டி தனியாக நிற்கும்போது

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். மேரி ஃபுளோரன்ஸ் பாட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1871-இல் காப்புரிமை பெற்ற இஸ்திரிப் பெட்டியின் மாதிரியில் வார்க்கப்பட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபுறமும் கூரான படகு வடிவம், மேலே கழற்றி மாட்டக்கூடிய மரக் கைப்பிடி. தனியாக ஒரு தட்டில் வைத்தால் அது விசித்திரமான வடிவமுள்ள ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம் முழுவதும் அது தனியாக இல்லை என்பதில் இருக்கிறது. ஒரு கைப்பிடிக்குப் பெரும்பாலும் மூன்று அடிப்பகுதிகள், கூடவே வைத்து எடுக்க ஒரு தாங்கி. ஒன்று துணிமேல் ஓடும்போது மற்றவை அடுப்பின்மேல் காய்ந்துகொண்டிருக்கும். ஆறியதை அடுப்பில் விட்டுவிட்டு, ஆறியே இருக்கும் மரக் கைப்பிடியைக் காய்ந்ததன்மேல் மாட்டினால் வேலை நிற்காமல் ஓடும். அதற்கு முன்பிருந்த பெட்டிகளில் கைப்பிடியும் இரும்பே, அதுவும் சேர்ந்து சுடும், துணி சுற்றிப் பிடிக்கவேண்டும். இரு முனையும் கூராக இருப்பதால் பெட்டியைத் திருப்பாமலே முன்னும் பின்னும் தேய்க்கலாம். ஒரு பெண் வெப்பத்தோடும் நேரத்தோடும் பட்ட பாட்டுக்குக் கண்டுபிடித்த விடை இது. அந்த விடை தெரியவேண்டுமென்றால் அடிப்பகுதிகளும் கைப்பிடியும் தாங்கியும் ஒரே இடத்தில், கைப்பிடி ஒன்றன்மேல் மாட்டியும் மற்றவை காத்திருப்பதுபோலவும் இருக்கவேண்டும். பித்தளைத் தாங்கியைப் பித்தளைத் தட்டிலும், இரும்பை இரும்புத் தட்டிலும் வைத்திருந்தபோது அது எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மாற்றி வைத்த பிறகு வந்த பெரியம்மா, கேட்காமலே கைப்பிடியைக் கழற்றி அடுத்ததன்மேல் மாட்டினார். தாழ் விழும் சத்தத்தைக் கேட்டுத் தலையசைத்தார்.

பானத் தட்டும் இப்படித்தான் ஒன்றுசேர்ந்தது. பூட்டுள்ள தேயிலைப் பெட்டி, கையால் சுற்றும் காப்பி அரைவை, கெட்டில், வடிகட்டி, கோப்பைகள் என்று கைவேலை நடக்கும் வரிசையில் இடமிருந்து வலமாக. தேயிலைப் பெட்டிக்கு ஏன் பூட்டு என்று கேட்காத குழந்தை இல்லை. தேயிலை விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் அதன் சாவி வீட்டு எசமானியிடம்தான் இருக்கும் என்ற செய்தி, கேள்வியோடு சேர்ந்து போய்ச் சேர்கிறது. பின்னாளில் வாகனங்களால் அறியப்பட்ட பெஜோ நிறுவனம் 1840 முதலே காப்பி அரைவைகளைச் செய்துவந்தது என்பதும் அந்தத் தட்டின் முன்னால் நின்றால் இயல்பாகப் பேச்சில் வந்துவிடும். தனித்தனி அட்டைகளில் எழுதி ஒட்டினால் இந்தச் செய்திகளை எவரும் படிக்கமாட்டார்கள்.

வேலையின் வரிசையை மரச்சாமானே சொல்லித் தரவேண்டும் என்ற எண்ணத்தை மிகத் தெளிவாக வடித்தவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-இல் அவர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவே உள்ளது. அந்த நகரத்தின் குடியிருப்புகளில் அது சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. அரிசி போன்ற பண்டங்களுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், அப்படியே உருவிக் கொட்டும்படி மூக்கு வைத்தவை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பெருமளவில் செய்யப்பட்ட ஹூசியர் அலமாரிகளிலும் இதே அக்கறை உண்டு. சல்லடையோடு கூடிய மாவுக் கொள்கலன் மேலே, இழுத்தால் நீளும் வேலைப்பலகை நடுவில், பாத்திரங்கள் கீழே. இத்தகைய ஒரு சாமான் கிடைத்தவர்கள் அதன் மாவுக் கொள்கலனைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பொம்மைகளை வைப்பதைப் படங்களில் காண்கிறேன். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்தச் சாமானின் மிக அரிய உறுப்பு அதுதான்.

மரம் விடும் மூச்சு

பழைய பொருளும் பழைய மரமும் இயல்பான துணைகள் என்ற நம்பிக்கையை இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. மரம் உயிரற்ற பிறகும் ஆவிகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அவற்றில் முக்கியமானது அசிட்டிக் அமிலம். ஓக் மரம் இதில் பேர்போனது. திறந்த அறையில் இது ஒரு பொருட்டே இல்லை. இறுக்கமாக மூடிய கதவுக்குள் அந்த ஆவி சேர்ந்துகொண்டே போகும். 1899-இல் லாஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயர், அலமாரி இழுப்பறைகளில் இருந்த சிப்பிகளின்மேல் வெள்ளையாகப் பூத்து அரிக்கும் ஒரு கேட்டை விவரித்தார். நுண்ணுயிரி வேலை என்று நினைக்கப்பட்ட அது, மரம் விட்ட அமில ஆவியால் நேர்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. வீட்டுப் பொருள்களில் இந்த ஆவிக்கு முதலில் பலியாவது காரீயம். அதன்மேல் வெள்ளைத் தூள் பூத்தால் அது அழுக்கு இல்லை, உலோகமே உப்பாக மாறி உதிர்கிறது என்று பொருள். அந்தத் தூள் நச்சு, ஊதவோ வெறுங்கையால் துடைக்கவோ கூடாது.

அருங்காட்சியகங்கள் இதை எவ்வளவு கவலையோடு பார்க்கின்றன என்பதற்கு ஆடி சோதனை ஒன்றே போதும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் அறிமுகப்படுத்திய முறை அது. காட்சிப் பெட்டிக்குப் பயன்படுத்த நினைக்கும் மரத்துண்டையோ துணியையோ, வெள்ளி, காரீயம், செம்பு ஆகியவற்றின் சிறு தகடுகளோடு ஈரக்காற்றுள்ள மூடிய குடுவையில் போட்டு, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் காட்சிப் பெட்டிக்கு ஆகாது. வீட்டில் நாம் இதைச் செய்யவேண்டியதில்லை. ஆனால் அதன் பின்னுள்ள அறிவு வீட்டுக்கும் பொருந்தும். கம்பளியும் ரப்பரும் கந்தக ஆவி விடும், வெள்ளியைக் கறுக்கடிக்கும், ஆகவே வெள்ளிக் கரண்டிக்கு அடியில் கம்பளி விரிக்கக்கூடாது. பழைய செல்லுலாய்டு கைப்பிடிகள், சீப்புகள், பெட்டிகள் சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிட்டுப் பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் அரிக்கும், மேலும் அவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. கற்பூர நெடி மாறிக் காரமான நெடி வந்தால், மேற்பரப்பு பிசுபிசுத்தால், அந்தப் பொருளைக் காற்றோட்டமுள்ள வேறிடத்துக்கு மாற்றிவிடவேண்டும்.

இங்கேதான் வேலைவரிசை என்ற என் கொள்கை முட்டிக்கொள்கிறது. கத்திகளின் இடம் தேய்ந்த இழுப்பறை என்று மரம் சொல்கிறது. அந்தக் கத்திகளின் பிடி செல்லுலாய்டு என்றால் மூடிய இழுப்பறை அவற்றுக்கு மிக மோசமான இடம் என்று வேதியியல் சொல்கிறது. நான் வேதியியல் பக்கம் நின்றேன். அந்தக் கத்திகள் இப்போது கதவற்ற திறந்த தட்டில் தனியாக இருக்கின்றன. கண்ணாடிக் கதவுகளையும் எப்போதும் சாத்தி வைப்பதில்லை. அவ்வப்போது திறந்து காற்றாட விடுகிறேன். தூசி கூடுகிறது, துடைக்கும் வேலையும் கூடுகிறது, ஆனால் அடைபட்ட ஆவியைவிடத் தூசி எளிய எதிரி. துளையிட்ட தகரம் பதித்த கதவுகளோடு உணவுப் பண்டங்களுக்கென்று செய்யப்பட்ட பழைய அலமாரிகள் இவ்வகையில் பேறு பெற்றவை. ஈயை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விடுவதற்காக இட்ட அந்தத் துளைகள், உலோகச் சேகரிப்புக்கும் நன்மையே செய்கின்றன. அத்தகரத்தைப் பெயர்த்துக் கண்ணாடி போடும்படி எவராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

உள்ளே பொருத்தும் விளக்கைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சாயம் ஏறிய துணி, அச்சடித்த தாள் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சமே அனுமதிக்கின்றன. வெளிறியது மீளாது, ஒளியின் கேடு நாள்தோறும் கூடிக்கொண்டே போகும். மாவுச் சீசாவில் ஒட்டிய தாள் சீட்டும், தகர டப்பாவின் சாயமும்தான் நம் சேகரிப்பில் முதலில் போகக்கூடியவை. நான் உள்விளக்கை எடுத்துவிட்டேன். கம்பி போவதற்காகப் பழைய மரத்தில் துளை போடும் எண்ணத்தையும் அதோடு விட்டேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணாடி அலையலையாகத் தெரியும் அழகு, உள்ளே விளக்கில்லாதபோதுதான் நன்றாகத் தெரிகிறது. அந்த அலைகள் கண்ணாடி காலப்போக்கில் வழிந்ததால் வந்தவை என்று பலர் நம்புகிறார்கள். அவை கண்ணாடியைச் செய்த முறையிலேயே விழுந்தவை.

எடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்பும் கல்லும் கீழே, அதுவும் தட்டின் நடுவில் இல்லாமல் ஓரங்களுக்கு அருகே. அதே பலகை, அதே மொத்த எடை, ஆனால் தாங்குமிடங்களுக்கு இடையிலான நீளம் இரு மடங்கு என்றால் தொய்வு எட்டு மடங்காகும். உயரமான அலமாரியை அதன் கனத்த மேற்சட்டத்தின் வழியே சுவரோடு பிணைத்துவிடவேண்டும். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது. மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகளும் அவற்றின் கீழே வெளிறிய புதுத் தூளும் தெரிந்தால் துளைப்பான் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தச் சாமானை மற்றவற்றிடமிருந்து உடனே ஒதுக்கவேண்டும். துளை இருந்து தூள் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பழைய கதை.

மெருகும் புழக்கமும்

பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைக்கவேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகத்தின் மெல்லிய படலம் போகிறது, அதோடு செய்தவரின் முத்திரையும் வெட்டுவரிகளின் கூர்மையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன. அம்மோனியா கலந்த திரவங்கள் பித்தளையில் வெடிப்பையே உண்டாக்கக்கூடியவை. அரக்கு மெருகிட்ட மரத்தின்மேல் சாராயம் கலந்த துடைப்புத் திரவம் பட்டால் மெருகு கரைந்துவிடும். மென்மையான உலர்ந்த துணியும், மரத்துக்கு எப்போதாவது கொஞ்சம் மெழுகும் போதும். ஒரு குவளையின் கைப்பிடியில் எனாமல் தேய்ந்து கறுத்த இரும்பு தெரியும் இடம், அதைப் பிடித்த விரலின் இடம். அதை மறைக்கும்படி திருப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தைத்தான் முன்னால் காட்டி வைக்கிறேன்.

எடுக்கக் கை வரவேண்டுமென்றால் எடுத்துப் புழங்கவும் வேண்டுமா என்ற கேள்வி அடுத்து எழுகிறது. சிலவற்றைப் புழங்குகிறேன். காப்பி அரைவை வேலை செய்கிறது, தராசு எடை காட்டுகிறது, தட்டங்களில் பழங்களை வைப்பதுண்டு. பழைய பீங்கான் மெருகிலும் எனாமல் வண்ணங்களிலும் காரீயமோ காட்மியமோ இருக்கக்கூடும் என்பதால் புளிப்பான எதையும், சூடான எதையும் அவற்றில் வைப்பதில்லை. சில்லு பெயர்ந்த எனாமலில் உணவே இல்லை. அச்சகங்களில் எழுத்து வைக்கப் பயன்பட்ட அறைத்தட்டுகளைச் சுவரில் மாட்டிச் சிறு பொருள்களை அடுக்குவது இப்போது பரவலாக இருக்கிறது. அவற்றின் மூலைகளில் எழுத்து உலோகத்தின் காரீயத் தூள் தங்கியிருக்கலாம், ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து எடுத்த பிறகே வீட்டுக்குள் மாட்டவேண்டும்.

வேலைவாரியாக அடுக்கத் தொடங்கியதில் வாங்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு ஒரு பொருளைக் கண்டால் எந்த நிறத்தட்டில் அது எடுப்பாக இருக்கும் என்று பார்ப்பேன். இப்போது அது எந்த வேலையில் எத்தனையாவது படி, அதற்கு முந்தைய படி என்னிடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அண்மையில் மிக அழகான ஒரு சோடிச் சாடிகள் கைக்கு எட்டும் விலையில் வந்தன. அலமாரி உச்சியில் இடமும் இருந்தது. என் அலமாரியில் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லாததால் வேண்டாம் என்றேன். நான் தேடிக்கொண்டிருப்பது பாட்ஸ் பெட்டியின் மூன்றாவது அடிப்பகுதியை. என்னிடம் உள்ள இரண்டின் நீளமே அதற்கும் இருக்கவேண்டும். மேலே கைப்பிடி பற்றும் பள்ளம் உடையாமலும், அடித்தளம் குழி விழாமலும் இருக்கவேண்டும். தாங்கியின் பக்கத்தில் அதற்கான இடம் விட்டுத்தான் அந்தத் தட்டை அடுக்கியிருக்கிறேன்.